நேற்றில் விழிக்கும் ரூட்டர்

“தம்பி, நெட் மறுபடியும் போச்சு. பெட்டியில லைட் எல்லாம் எரியுது. ஆனா ஒண்ணும் திறக்க மாட்டேங்குது.”

நவம்பர் நடுவில் ஒரு காலை, கல்வராயன் மலையிலிருந்து அக்கா அழைத்தாள். வெள்ளிமலைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் அவள் ஆசிரியை. முந்தைய இரவு மழையும் காற்றும் சேர்ந்து அடித்ததில் கரண்ட் போயிருந்தது. விடிந்த பிறகு கரண்ட் வந்துவிட்டது, நெட் வரவில்லை. வீட்டுத் திண்ணையில் மூன்று மாணவர்கள் காத்திருந்தார்கள். சாதிச் சான்றிதழுக்கும் உதவித்தொகைக்கும் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பெட்டியைப் பார்க்க யாராவது வர வேண்டுமென்றால் கள்ளக்குறிச்சியிலிருந்து கிளம்பி, கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையோரமாக மலையேறி, கரியாலூரைக் கடந்து போக வேண்டும். மழை நாளில் அது ஒரு நாள் வேலை.

அந்த ரூட்டரின் ஃபர்ம்வேரை மாற்றிவைத்தவன் நான். கோளாறுக்குப் பதில் சொல்ல வேண்டியவனும் நான்தான். கோளாறைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. கண்டுபிடித்த பிறகு, வீட்டு ரூட்டர் என்ற அந்தச் சின்னப் பெட்டியை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. அதனால்தான் முழுக் கதையையும் சொல்கிறேன்.

ரூட்டர் என்பது ஒரு சிறு கணினி. உள்ளே ஒரு சில்லு, கொஞ்சம் நினைவகம், அதில் எழுதிய ஒரு இயங்குதளம். அந்த இயங்குதளத்தைத்தான் ஃபர்ம்வேர் என்கிறோம். விற்ற நிறுவனம் சில ஆண்டுகளுக்கு அதற்குப் புதுப்பிப்புகள் தரும், பிறகு நிறுத்திவிடும். பெட்டி நன்றாக உழைத்துக்கொண்டிருந்தாலும் அதில் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க அதன்பின் ஆள் இல்லை. அக்கா வீட்டு ரூட்டரும் அப்படிக் கைவிடப்பட்ட ஒன்று. அதில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற கட்டற்ற ஃபர்ம்வேரை நான் நிறுவினேன்.

இந்தப் பெயரின் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. லிங்க்சிஸ் நிறுவனம் 2002 டிசம்பரில் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலமும் கறுப்புமான ரூட்டரை விற்பனைக்கு விட்டது. அதற்குள் லினக்ஸ் இருப்பதைச் சிலர் 2003-இல் கண்டுபிடித்தார்கள். லினக்ஸை எடுத்து விற்பவர்கள் அதன் மூல நிரலையும் வாங்கியவருக்குத் தர வேண்டும் என்பது அதன் உரிமத்தின் நிபந்தனை. கேள்விகள் எழுந்தன. லிங்க்சிஸ் அந்த ஆண்டே நிரலை வெளியிட்டது. அந்த நிரலைக் கையிலெடுத்து 2004 ஜனவரியில் தொடங்கிய திட்டம்தான் ஓப்பன்டபிள்யூஆர்டி. இன்று அது நூற்றுக்கணக்கான மாதிரிகளில் ஓடுகிறது. 2024 நவம்பரில் அத்திட்டத்தின் பெயரிலேயே ஒரு ரூட்டரும் வெளிவந்தது. அதில் மீட்புக்கென்றே தனியாக ஒரு நினைவகம் உண்டு. நிறுவும்போது எவ்வளவு தவறு செய்தாலும் பெட்டி செங்கல்லாகிவிடாது.

பழைய பெட்டியில் நிறுவுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. கவனம்தான் துணை. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் மாதிரியின் பெயரோடு பதிப்பு எண்ணும் இருக்கும். ஒரே பெயரில் விற்கும் இரண்டு பதிப்புகளுக்குள் வேறு வேறு சில்லுகள் இருக்கலாம். பெயரைப் பார்த்துவிட்டு எண்ணைப் பார்க்காமல் கோப்பை ஏற்றுவதுதான் பெட்டியைக் கொல்லும் முதல் வழி. நினைவகத்தின் அளவையும் பார்க்க வேண்டும். 4 எம்பி சேமிப்பும் 32 எம்பி நினைவும் கொண்ட மிகப் பழைய பெட்டிகளுக்கு 19.07 பதிப்போடு கதை முடிந்தது.

அக்டோபர் முதல் வாரத்தில் மலையேறிப் போய் நிறுவினேன். முதல் நாள் கோளாறுகள் எல்லாருக்கும் வருகிறவைதான். புதிதாக ஏற்றியதும் வைஃபையைக் காணவில்லை. அது பழுது இல்லை. எந்த நாட்டில் இருக்கிறோம், என்ன கடவுச்சொல் என்று நாம் சொல்லும்வரை ரேடியோவை அணைத்தே வைப்பது அதன் வழக்கம். நாடு இந்தியா என்று குறித்தால்தான் இங்கே அனுமதியுள்ள அலைவரிசைகள் சரியாகத் திறக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இன்னொன்றும் உண்டு. சில அலைவரிசைகள் ராடார்களும் பயன்படுத்துபவை. ரூட்டர் எழுந்ததும் ஒரு நிமிடம் வாயைத் திறக்காமல் ராடார் பேசுகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் தன் பெயரை அறிவிக்கும். இது தெரியாதவர்கள் அந்த ஒரு நிமிடத்துக்குள் பெட்டியை மூன்று முறை அணைத்துப் போட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது முகவரி மோதல். ஃபைபரை வாங்கிக்கொள்ளும் பெட்டியை ஊரில் மோடம் என்பார்கள். அதன் உள்முகவரி 192.168.1.1. ஓப்பன்டபிள்யூஆர்டி ரூட்டரும் பிறக்கும்போதே தனக்கு 192.168.1.1 என்று பெயர் வைத்துக்கொண்டுதான் பிறக்கிறது. இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்தால், வீட்டுக்குள்ளிருக்கும் தெருவுக்கும் வீட்டுக்கு வெளியிலிருக்கும் தெருவுக்கும் ஒரே பெயர் வந்துவிடும். மாரியம்மன் கோயில் தெரு என்று மட்டும் எழுதிய கடிதத்தை வைத்துக்கொண்டு தபால்காரர் என்ன செய்வார்? ரூட்டரும் அப்படியே நின்றுவிடும். உள்பக்கத்தை 192.168.10.1 என்று மாற்றினேன், வழி திறந்தது. இந்த மாற்றத்தில் ஓப்பன்டபிள்யூஆர்டி செய்யும் ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். புதிய அமைப்பைப் போட்டுவிட்டு 90 விநாடி காத்திருக்கும். அதற்குள் நம் பிரவுசர் அதை மறுபடி எட்டிப்பிடிக்காவிட்டால், பழைய அமைப்புக்கே தானாகத் திரும்பிவிடும். கதவைப் பூட்டிச் சாவியை உள்ளே விட்டவனுக்கு அது கதவைத் திறந்துவிடுகிறது.

மூன்றாவது கோளாறு கொஞ்சம் நுட்பமானது. சில தளங்கள் உடனே திறந்தன, சில தளங்கள் பாதியில் நின்றன. தேடுபொறி வருகிறது, வங்கித் தளம் வரவில்லை. மலைப்பாதையில் போனவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். கொண்டை ஊசி வளைவில் திரும்ப முடிந்த வண்டியின் நீளத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஈதர்நெட்டில் ஒரு தரவுப் பொட்டலம் 1500 பைட் வரை இருக்கலாம். இணையச் சேவையில் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையும் பிபிபிஓஇ முறையில், ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் 8 பைட் உறை போர்த்தப்படும். ஆக உள்ளே 1492-க்குத்தான் இடம். சின்னப் பொட்டலங்கள் வளைவில் திரும்பிவிடும். 1500 பைட் லாரி வளைவில் மாட்டிக்கொள்ளும். ‘நீளம் அதிகம், குறைத்து அனுப்பு’ என்று அனுப்பியவருக்குத் தகவல் திரும்ப வேண்டும். வழியில் ஏதோ ஒரு தடுப்பு அந்தத் தகவலையே விழுங்கிவிட்டால், இரண்டு பக்கமும் காத்துக்கொண்டே இருக்கும். உறைக்கு இடம் விட்டு இரு முனைகளும் பேசிக்கொள்ளும்படி செய்ய ரூட்டரில் ஒரு பெட்டியில் டிக் செய்தால் போதும். செய்தேன், சரியானது.

அன்று மாலை எல்லாம் ஓடியது. இறங்குவதற்கு முன் என் விருப்பத்துக்கு ஒரு காரியம் செய்தேன். நாம் எந்தத் தளத்துக்குப் போனாலும் முதலில் அதன் பெயரை எண்முகவரியாக மாற்றித் தரும்படி ஒரு சேவையிடம் கேட்கிறோம். டிஎன்எஸ் எனும் அந்தப் பெயர்க் கேள்வி வழக்கமாகத் திறந்த அஞ்சலட்டையில் போகிறது, வழியில் இருப்பவர் யாரும் படிக்கலாம். அதை உறையிலிட்டு அனுப்பும் ஸ்டப்பி என்ற சிறு நிரலைச் சேர்த்தேன். பிள்ளைகள் பயன்படுத்தும் இணைப்பு, அவர்கள் என்ன தேடுகிறார்கள் என்பது அவர்களோடு இருக்கட்டும் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மூன்று வாரம் எந்தக் குறையும் இல்லை. இடையில் இரண்டு முறை கரண்ட் போய் வந்தது, நெட்டும் கூடவே வந்தது. அக்டோபர் கடைசியில் ஒரு நாள் கரண்ட் வந்தும் நெட் வரவில்லை. ‘அணைச்சுப் போடு’ என்றேன். அக்கா அணைத்துப் போட்டாள். பத்து முறை போட்டிருப்பாள். பயன் இல்லை.

மலையேறினேன். முதலில் அடாப்டரைச் சந்தேகித்தேன், மாற்றினேன், மாற்றம் இல்லை. ஃபைபரைச் சந்தேகித்தேன். மோடத்தில் லேப்டாப்பை நேரடியாகச் செருகினால் நெட் ஓடியது. ஆக ரூட்டர்தான். சேமிப்பில் ஏதோ கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, ஃபர்ம்வேரைத் துடைத்து மறுபடி ஏற்றி, எல்லா அமைப்பையும் முதலிலிருந்து போட்டேன். நெட் வந்தது. மருந்து வேலை செய்தது, ஆகவே நோயும் நான் நினைத்ததுதான் என்று நம்பிக்கொண்டு இறங்கினேன்.

அந்தச் சந்தேகத்துக்கு என்னிடம் ஒரு காரணம் இருந்தது. மின்சாரம்தான் கிராமத்து ரூட்டர்களின் முதல் எதிரி என்பது தமிழ்நாட்டிலேயே பதிவான பாடம். தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுப்புற ஊர்களின் பார்வை மையங்களோடு வைஃபையால் இணைக்கும் வேலையை, பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவரின் குழு 2000-களின் நடுவில் அரவிந்தோடு சேர்ந்து செய்தது. ஊர்ப்புற மையத்தில் அமர்ந்திருக்கும் நோயாளியின் கண்ணைத் தேனியில் உள்ள மருத்துவர் திரையில் பார்த்துப் பேச வேண்டும். வீட்டுக்குள் பேசுவதற்குச் செய்த வைஃபை, பல கிலோமீட்டர் தாண்டும்போது தடுமாறும். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ‘கிடைத்தது’ என்ற பதிலுக்குக் காத்திருப்பது அதன் இயல்பு. தூரம் கூடினால் அந்தப் பதில் தாமதமாகி, அனுப்பியதையே மறுபடி அனுப்பத் தொடங்கும். அந்தக் குழு, லினக்ஸ் ஓடும் ரூட்டர்களில் வைஃபை டிரைவரையே திருத்தி, இரு முனைகளும் முறைவைத்து மாறி மாறிப் பேசும்படி செய்தது. நிரல் திறந்திருந்ததால்தான் அது முடிந்தது. 2007-இல் வைல்ட்நெட் என்ற பெயரில் அதை வெளியிட்டார்கள்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர்களுடைய 2008-ஆம் ஆண்டுக் கட்டுரை. அமைத்துவிட்டு வந்த பிறகு அந்த வலையமைப்புகள் எப்படியெல்லாம் நின்றுபோயின என்பதன் பதிவு அது. பெரும்பாலான பழுதுக்குக் காரணம் ரேடியோ அல்ல, மின்சாரம். ஆயிரம் வோல்ட் வரை எகிறும் பாய்ச்சல்களைக்கூட அவர்கள் அளந்தார்கள். பாய்ச்சலுக்குச் சமமான தொல்லை தாழ்வழுத்தம். பெட்டி முழுதாக அணையவும் அணையாது, ஒழுங்காக எழவும் எழாது, அரைமயக்கத்தில் கிடக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் நினைவட்டை கெடும். அதனால் இயங்குதளம் இருக்கும் பகுதியைப் படிக்க மட்டும் முடிவதாக மாற்றினார்கள். அழுத்தம் குறைந்தால் பெட்டியை முழுவதுமாகத் துண்டித்துவிட்டு, சீரான பின் சேர்க்கும் சுற்று ஒன்றும் வைத்தார்கள். இங்கே இன்னொரு பாடமும் உண்டு. ‘லிங்க் போச்சு’ என்று இடத்தில் இருப்பவர் சொல்லும் ஒரே வாக்கியத்துக்குப் பின்னால் எத்தனையோ வேறு வேறு காரணங்கள் இருக்கும். தொலைவிலிருந்து சரியான கேள்விகளைக் கேட்கத் தெரியாவிட்டால், தவறான பாகத்தைத் தூக்கிக்கொண்டு பயணம் போவோம். நான் போனதும் அப்படித்தான்.

ஓப்பன்டபிள்யூஆர்டியும் தேனிக் குழுவைப் போலவேதான் தன்னைக் காத்துக்கொள்கிறது. அச்சடித்த வரைபடத்தின் மேல் எண்ணெய்த்தாளை விரித்துப் பிள்ளைகள் கோடு போடுவார்கள் அல்லவா? அடியில் ஃபர்ம்வேர் எழுதவே முடியாதபடி அமுக்கி வைக்கப்பட்டிருக்கும். நாம் செய்யும் மாற்றங்கள் எல்லாம் மேலே விரித்த தாளில் விழும். தாள் கெட்டால் உருவி எறிந்துவிட்டுப் புதுத்தாள் விரிக்கலாம், வரைபடம் அப்படியே இருக்கும். ரூட்டர் எழும்போது விளக்கு வேகமாகக் கண்சிமிட்டும் சில விநாடிகளில் பின்புறப் பொத்தானை அழுத்தினால், மேல் தாளைத் தொடாமல் அடிப்படத்தோடு மட்டும் எழும். அதற்குக் காப்புநிலை என்று பெயர் சொல்லலாம். அந்த நிலையில் அது யாருக்கும் முகவரி வழங்காது. லேப்டாப்புக்கு 192.168.1.2 என்று நாமே முகவரி வைத்துக்கொண்டு கம்பி வழியாகப் பேச வேண்டும். இவ்வளவு பாதுகாப்பு இருக்கும் பெட்டியில் ஒரு கரண்ட் கட்டுக்கே சேமிப்பு கெட்டது என்று நான் முடிவுகட்டியது அவசரம்.

நவம்பர் நடுவில் அக்கா மறுபடி அழைத்தபோது, மலையேறுவதில்லை என்று தீர்மானித்தேன். அவள் கைப்பேசியில் பேசுவதற்கு மட்டும் சிக்னல் இருந்தது. அது போதும்.

“அக்கா, வைஃபை சேர்ந்திருக்கா?”

“சேர்ந்திருக்கு. இன்டர்நெட் இல்லன்னு போட்டிருக்கு.”

வைஃபை சேர்ந்திருக்கிறது என்றால் ரேடியோ உயிரோடு இருக்கிறது, முகவரி கொடுக்கும் பகுதியும் வேலை செய்கிறது. பிரவுசரில் 192.168.10.1 போடச் சொன்னேன். ரூட்டரின் பக்கம் வந்தது. உள்ளே சோதனைப் பக்கம் ஒன்று உண்டு. ரூட்டரே வெளியே கூப்பிட்டுப் பார்த்து விடை சொல்லும். முதலில் பெயரைத் தவிர்த்து 8.8.8.8 என்று எண்ணை மட்டும் கொடுத்துக் கூப்பிடச் சொன்னேன். பதில் வந்தது. அந்தப் பதில் வந்த கணத்தில் பாதி மலை இறங்கியதுபோல் இருந்தது. ஃபைபர், மோடம், கம்பி, கடவுச்சொல், மோதும் முகவரி, எல்லாம் குற்றமற்றவை. பொட்டலம் வெளியே போய்த் திரும்பி வந்துவிட்டது. அடுத்து ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்துக் கூப்பிடச் சொன்னேன். பதில் இல்லை. பெயரை எண்ணாக்கும் இடத்தில்தான் அடைப்பு.

ஸ்டப்பிதான் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. ஆனால் மூன்று வாரம் நன்றாக உழைத்த நிரல், கரண்ட் போய் வந்ததும் ஏன் மறுக்க வேண்டும்? அதுவும் முதல் இரண்டு கட்டில் மறுக்காமல் மூன்றாவதில் ஏன்? யோசித்துக்கொண்டே, முதல் பக்கத்துக்குப் போய் அங்கே என்னென்ன எழுதியிருக்கிறது என்று மேலிருந்து வாசிக்கச் சொன்னேன். மாதிரி, பதிப்பு, கர்னல் என்று வாசித்துக்கொண்டே வந்தவள் நின்றாள்.

“உள்ளூர் நேரம்னு இருக்கு. அக்டோபர் 27-ன்னு காட்டுது. இன்னிக்கு நவம்பர் 16 ஆச்சே?”

நான் ஃபர்ம்வேரை மறுபடி ஏற்றிய நாள் அக்டோபர் 27.

நம் கணினிகளில் காசு அளவுக்கு ஒரு பேட்டரி உண்டு. கணினி அணைந்திருந்தாலும் உள்ளிருக்கும் கடிகாரம் அதன் தயவில் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டு ரூட்டர்களில் செலவு மிச்சம் பிடிக்க அதை வைப்பதில்லை. கரண்ட் போனால் நேரமும் போய்விடும். எழும்போது இது எந்த நாள் என்று பெட்டிக்குத் தெரியாது. யுனிக்ஸ் மரபுப்படி 1970 ஜனவரி 1 என்று எண்ணிக்கொண்டு எழுவதும் உண்டு. ஓப்பன்டபிள்யூஆர்டி அதற்கு ஒரு யுக்தி வைத்திருக்கிறது. தன் அமைப்புக் கோப்புகளில் எது கடைசியாகத் திருத்தப்பட்டது என்று பார்த்து, அந்தக் கோப்பின் தேதியைத் தன் தேதியாக எடுத்துக்கொள்ளும். ‘அதற்குப் பிந்தித்தான் இருக்க முடியும்’ என்பது அதன் வாதம், சரியான வாதமும்கூட. பிறகு இணையம் கிடைத்ததும் நேரம் சொல்லும் சேவைகளைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். இந்த நேரக் கேள்வியின் நெறிமுறையை டேவிட் மில்ஸ் 1985-இல் வகுத்தார். கேள்வி கிளம்பிய நேரத்தையும் விடை வந்த நேரத்தையும் குறித்துவைத்துக்கொண்டு, வழியில் கழிந்ததில் பாதியைக் கூட்டிக்கொள்வது அதன் சாரம்.

ஒரு முடிச்சு மட்டும் அவிழ வேண்டியிருந்தது. நேரம் சொல்லும் சேவைகளின் முகவரி ரூட்டரில் எண்ணாக இல்லை, பெயராக இருக்கிறது. பெயரை எண்ணாக்க ஸ்டப்பியைக் கேட்க வேண்டும். ஸ்டப்பி, தான் பேசப்போகும் டிஎன்எஸ் சேவை உண்மையானதுதானா என்று அதன் சான்றிதழைப் பார்க்கும். சான்றிதழில் ‘இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும்’ என்று எழுதியிருக்கும். அந்தச் சேவை இடையில் ஒரு நாள், வழக்கப்படி, சான்றிதழைப் புதுப்பித்திருக்கிறது. புதுச் சான்றிதழ் நவம்பரில் தொடங்குகிறது. ரூட்டரின் கணக்கிலோ இன்னும் அக்டோபர் 27. இன்னும் பிறக்காத நாளில் எழுதிய சான்றிதழை எப்படி ஏற்பது? ஸ்டப்பி கதவை மூடிவிட்டது. அதன் வேலையை அது மிகச் சரியாகத்தான் செய்தது.

நேரம் வேண்டுமென்றால் பெயர் வேண்டும். பெயர் வேண்டுமென்றால் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் வேண்டுமென்றால் நேரம் வேண்டும். மூன்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பெட்டி அதே அக்டோபர் 27-இல்தான் விழிக்கும்.

மற்றதெல்லாம் அதன்பின் தானாக விளங்கியது. முதலில் வந்த கரண்ட் கட்டுகளில் ஏன் கோளாறு இல்லை? நிறுவிய நாள் அப்போது அருகில் இருந்தது, அந்த நாளைவிடப் பழைய சான்றிதழ்தான் இன்னும் புழக்கத்தில் இருந்தது. ஃபர்ம்வேரை மறுபடி ஏற்றியதும் ஏன் சரியானது? துடைத்து ஏற்றியபோது ஸ்டப்பி இல்லை. பெயர்க் கேள்வி பழைய திறந்த அட்டையில் போனது, நேரம் வந்தது, அதன்பின் ஸ்டப்பியைச் சேர்த்தேன், சரியான நேரத்தோடு கோப்புகள் எழுதப்பட்டன. நான் கொடுத்த மருந்துக்கும் நோய்க்கும் நேரடித் தொடர்பே இல்லை. அடுத்த சான்றிதழ் மாறும்வரை நாளைத் தள்ளிவைத்தேன், அவ்வளவுதான்.

இது என் அக்கா வீட்டோடு நிற்கும் பிரச்சினை இல்லை. சான்றிதழ்களின் ஆயுள் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. சான்றிதழ் தரும் நிறுவனங்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த மன்றம் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவுப்படி, 398 நாளாக இருந்த உச்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். திருடப்பட்ட சாவி நெடுநாள் செல்லக்கூடாது என்பதற்கான முடிவு அது, நல்ல முடிவு. ஆனால் கடிகாரம் இல்லாமல் விழிக்கும் மலிவான பெட்டிகளுக்கு இது சோதனை. சில வாரம் அணைந்து கிடந்தாலே, எழும்போது தனக்குத் தெரிந்த உலகத்துக்கும் வெளியுலகத்துக்கும் இடையில் ஒரு சான்றிதழ் மாறியிருக்கும். கரண்ட் அடிக்கடி போகும் மலையூரில் இது முதலில் தெரியும், அவ்வளவே.

தொலைபேசியிலேயே தீர்வு கிடைத்தது. அமைப்புப் பக்கத்தில், பிரவுசர் ஓடும் கருவியின் நேரத்தை ரூட்டருக்குக் கொடுக்கும் பொத்தான் ஒன்று இருக்கிறது. அக்காவின் கைப்பேசிக்குச் சரியான நேரம் தெரியும். பொத்தானை அழுத்தச் சொன்னேன். சில விநாடி அமைதி. பிறகு பின்னணியில் ஒரு பையனின் குரல் கேட்டது: “டீச்சர், வந்துடுச்சு.”

நிலையான மருந்தை டிசம்பரில் போய்ப் போட்டேன். எல்லாப் பெயர்க் கேள்விகளும் உறையில்தான் போகும். நேரம் சொல்லும் சேவைகளின் பெயர்களை மட்டும் பழைய திறந்த வழியில் கேட்கும்படி ரூட்டருக்கு ஒரு விதிவிலக்கு எழுதினேன். யாரோ ஒருவர் மணி கேட்டார் என்பதை வழியில் இருப்பவர் தெரிந்துகொள்வதால் பிள்ளைகளுக்குத் தீங்கில்லை. பொய் நேரம் சொல்லி ஏமாற்ற இடமுண்டு என்பது உண்மைதான். வீட்டு ரூட்டருக்கு அந்த அளவு துணியலாம் என்பது என் தீர்ப்பு, வங்கிக்கு இதைச் சொல்ல மாட்டேன். புதுதில்லியில் அணுக் கடிகாரங்களை வைத்து இந்திய நேரத்தைப் பேணும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சேவையையும் பட்டியலில் சேர்த்தேன்.

கூடவே இன்னொரு சிறு காரியம். ஒவ்வொரு இரவும் பத்து மணிக்கு ஒரு கோப்பின் தேதியை மட்டும் புதுப்பிக்கும் ஒரு வரி ஆணை. கோப்பின் உள்ளடக்கம் மாறாது, மேலே இருக்கும் நாள் மட்டும் மாறும். நாளுக்கு ஒரு முறை எழுதுவதால் சேமிப்புத் தேயாது. இதனால் கரண்ட் எப்போது போனாலும், கட்டு நீளாதவரை, எழும்போது பெட்டி ஏறக்குறைய ஒரு நாளுக்கு மேல் பின்தங்காது. நேரம் கேட்கும் வழி ஏதாவது காரணத்தால் அடைபட்டாலும், அன்று காலையில்தான் பிறந்த சான்றிதழாக இருந்தாலொழிய கதவு திறக்கும்.

பழைய ஃபர்ம்வேராக இருந்திருந்தால் இந்தக் கோளாறே வந்திருக்காது என்று ஒருவர் என்னிடம் சொன்னார். உண்மை. பெயர்க் கேள்விகள் திறந்த அட்டையிலேயே போயிருக்கும், ஓட்டைகள் அடைபடாமலே இருந்திருக்கும், ஒன்றும் நிற்காது. அப்படியே வேறு ஏதாவது நின்றிருந்தால் அந்தப் பெட்டியிடம் கேட்கக் கேள்வியும் இல்லை, அது சொல்லப் பதிலும் இல்லை. பின்பக்கத் துளையில் குண்டூசியைச் செருகி எல்லாவற்றையும் அழிப்பது ஒன்றே வழி. இந்தப் பெட்டியோ என்ன தேதியில் விழித்தேன் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவைத்திருந்தது. மூன்று வாரம் அதை வாசிக்காமல் விட்டவன் நான். வாசித்தது, கணினிப் பாடம் எடுக்காத ஓர் ஆசிரியை. தமிழில் இத்தகைய விஷயங்களை எழுதிவைக்க 2012 முதல் கணியம் இதழ் இருக்கிறது. கள்ளக்குறிச்சி 2019 வரை சேர்ந்திருந்த விழுப்புரத்தில், கட்டற்ற மென்பொருளைக் கிராமத்து இளைஞர்களுக்குச் சொல்லித்தரும் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. மலையில் இருக்கும் பள்ளிகளுக்கும் அவர்கள் ஏறிப் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஜனவரியில் அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. இரவு பதினொன்றுக்குப் போன கரண்ட் காலையில்தான் வந்திருக்கிறது. நெட் போய்விட்டதோ என்று பதறி எடுத்தேன்.

“நெட் இருக்குடா. நீ சொன்னியே, அந்தப் பதிவுப் பக்கத்தைத் திறந்து பாத்தேன். முதல் இருபது வரி நேத்து ராத்திரி பத்து மணின்னு சொல்லுது. அடுத்த வரி காலையில ஆறேகால். ஒரே தாவு.”

“அந்த ரெண்டு வரிக்கு நடுவுல என்ன இருக்கு?”

“நேரம் கிடைச்சிடுச்சுன்னு ஏதோ போட்டிருக்கு. சரி, வெச்சிடறேன், பிள்ளைங்க வந்துட்டாங்க.”